கோத்தகிரி பக்கம் வீடு கட்டறோம்: எந்த வேலைய தனியா விடலாம், எதை சேத்தே விடணும்?

சரிவுல_வீடு
வணக்கம்ங்க எல்லாருக்கும். கோத்தகிரில இருந்து கொடநாடு போற ரோட்ல அப்பா பேர்ல 6 செண்டு இடம், அதுல 1,150 சதுரடில வீடு கட்டப் போறோம். பிளான் அப்ரூவல் வந்தாச்சு (செருப்பு தேஞ்ச கதை தனியா இருக்கு). இடம் ரோட்டுல இருந்து ஒரு 40 அடி கீழ, நல்ல சரிவு. ஃபுல் கான்ட்ராக்ட் கேட்டா சதுரடிக்கு 2,950 சொல்றாங்க, தடுப்புச் சுவர் அதுல சேராதாம், அது தனியாம். இன்னொரு மேஸ்திரி வெறும் கூலி மட்டும் 620 கேக்கறாரு, மெட்டீரியல் நாம வாங்கித் தரணும், வயரிங், பிளம்பிங், டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் நாமளே ஆள் பாத்துக்கணும். மச்சான் ஒருத்தன் தனித்தனியா விட்டா அஞ்சாறு லட்சம் மிச்சம்னு ஏத்தி விட்டுட்டான், அப்பவே தூக்கம் போச்சு. நான் கோயமுத்தூர்ல வேலை, சனி ஞாயிறு தான் மேல வர முடியும். அப்பா ரிட்டயர்டு, தினமும் சைட்டுல நிப்பாரு, ஆனா கட்டட வேலை பத்தி அவருக்கும் ஒண்ணும் தெரியாது. எதெல்லாம் தைரியமா தனியா விடலாம்? கட்டி முடிச்சவங்க சொல்லுங்க.

கொண்டைஊசி_14
ஃபுல் கான்ட்ராக்ட் குடுத்துட்டு நிம்மதியா இருங்க சகோ. அஞ்சு லட்சம் மிச்சம் பண்றேன்னு போயி பிரஷர் மாத்திரைக்கு செலவு பண்ணாதீங்க.

ரசமட்டம்
தம்பி, நான் குன்னூர்ல 22 வருஷமா சூப்பர்வைசர் வேலை பாக்கறேன், ரெண்டு விதமாவும் கட்டிப் பாத்திருக்கேன். மச்சான் சொல்ற மிச்சம் பொய்யில்ல, ஆனா அது எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். கான்ட்ராக்டர் லாபம்னு நீங்க நெனைக்கறதுல பாதி, பிளம்பர் வரலன்னா அவரு பைக் எடுத்துட்டு போயி தூக்கிட்டு வர்றாரு பாருங்க, அதுக்கான கூலி. தனியா விட்டா அந்த பைக்க ஓட்டப் போறது உங்க அப்பா.

எதை தனியா விடலாம்ங்கறதுக்கு என் கணக்கு இது. ஒருத்தர் வேலை முடிச்சு சாமானத் தூக்கிட்டு போன பின்னாடி அடுத்தவர் வந்து ஆரம்பிக்கற வேலைன்னா தனியா விடுங்க, பயம் இல்ல. பெயிண்ட், கேட், கிரில், மாடிக்கு மேல ஷீட் போடற வெல்டிங், மாடுலர் கிச்சன், ஜன்னல் யூபிவிசி போட்டா அது, எல்லாம் இதுல வரும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல ஒரே எடத்துல கை வைக்கிற வேலைன்னா அங்கதான் சண்டை. கம்பி கட்டு, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கற ஷீட்டும் முட்டும்), கான்கிரீட் மூணையும் பிரிக்கவே பிரிக்காதீங்க. சிலபேரு கம்பி கட்ட தனி ஆளு, சென்ட்ரிங்க்கு தனி ஆளுன்னு டன் கணக்கு, சதுரடி கணக்குன்னு விடறாங்க, நாளைக்கு ஸ்லாப் கீழ தொங்குச்சுன்னா கம்பிக்காரன் சென்ட்ரிங்கக் காட்டுவான், சென்ட்ரிங்காரன் கலவையக் காட்டுவான்.

மண்ணு வெட்டறதும் தடுப்புச் சுவரும் முதல்லயே தனியா முடிச்சிருங்க. பொக்லைன் எறக்கணும்னா நம்ம நீலகிரி மாவட்டத்துல அனுமதி வேணும், பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டினாருன்னு நீங்களும் ஓட்டினா வண்டியத் தூக்கிட்டு போயிருவாங்க. ஆளு வெச்சு வெட்டினா கன அடிக் கணக்கு பேசுங்க, நாள் கூலி வேணாம். வெட்டின மண்ண எங்க கொட்டறதுங்கறதையும் அப்பவே பேசிடணும், கீழ இருக்கற தோட்டத்துல சரிச்சு விட்டா அடுத்த மழைக்கு அந்தத் தோட்டக்காரர் உங்க வாசல்ல நிப்பாரு.

குன்னூர்க்காரி
நாங்க 2021ல கட்டினோம், எட்டு பேருகிட்ட தனித்தனியா விட்டோம். பணம் மிச்சம் ஆச்சு, உண்மைதான். ஆனா ஒரு பாத்ரூம் கதை சொல்றேன் கேளுங்க.

குடிபோயி ஆறாவது மாசம் பெட்ரூம் பக்கம் அலமாரிக்கு பின்னாடி ஓதம். துணியெல்லாம் பூஞ்சை, என் கல்யாணப் பட்டு உட்பட. பிளம்பரக் கூப்ட்டேன், டைல்ஸ்காரன் மிஷின் போட்டு பைப்ப வெட்டிட்டான்னாரு. டைல்ஸ்காரரக் கூப்ட்டேன், மேஸ்திரி வாட்டர்ப்ரூஃப் ஒழுங்கா அடிக்கலன்னாரு. மேஸ்திரி வந்து பிளம்பர் தரைத் தண்ணி போற நாணி ட்ராப்ப சரியா உக்கார வெக்கலன்னாரு. ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் ஒண்ணா வரவெச்சு அந்த 7க்கு 4 பாத்ரூமுக்குள்ள நிக்க வெச்சேன், வெளிய அடை மழை, மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம செவுத்தப் பாத்துட்டு பேசறாங்க. கடைசில எங்க வீட்டுக்காரர் கடுப்பாகி உளிய எடுத்து ட்ராப் கிட்ட ஒரு டைல்ஸப் பேத்தாரு. உள்ள பாத்தா, ட்ராப்ப சுத்தி இருந்த ஓட்டைல சிமெண்ட் சாக்கு சுருட்டி அடைச்சு மேல ரெண்டு விரக்கடைக்கு கலவை பூசியிருக்கு. அந்த சாக்கு தண்ணி குடிச்சு குடிச்சு கறுப்பா ஊறிக் கிடக்குது.

அந்த ஓட்டைய அடைக்கறது யார் வேலை? பிளம்பருக்கு பைப்பு வெச்சதோட வேலை முடிஞ்சுது, மேஸ்திரி பூச்சோட போயிட்டாரு, டைல்ஸ்காரர் இருந்த தரை மேல ஒட்டினாரு. மூணு பேரு ரேட்டுலயும் அது இல்ல, எவரு அடைச்சாங்கன்னே இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பாத்ரூம மட்டும் பிரிக்காதீங்க. பைப்பு, ட்ராப், வாட்டர்ப்ரூஃப், டைல்ஸ் நாலும் ஒரே ஆளு பொறுப்புல இருக்கட்டும், கூட 20,000 கேட்டாலும் குடுங்க.

சரிவுல_வீடு
அக்கா படிக்கவே பயமா இருக்கு. சரி பண்ண எவ்வளவு ஆச்சு?

குன்னூர்க்காரி
மிச்சம் பண்ணினதுல பாதி அதுல போச்சு. பட்டுப்புடவைய கணக்குல சேக்கல.

தூக்குக்குண்டு
ஃபுல் கான்ட்ராக்ட் குடுத்தா நிம்மதின்னு மேல ஒருத்தர் சொன்னாரு, அதுக்கு என் கதை. கேத்தி பக்கம் வீடு, ஃபுல் கான்ட்ராக்ட், கான்ட்ராக்டர் பேரு வேணாம். எல்லாம் நல்லாதான் போச்சு. பின்பக்கம் 9 அடி உயரத்துல கருங்கல் தடுப்புச் சுவர், பாக்க அம்சமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் நவம்பர் மழைல சுவர் வயிறு தள்ள ஆரம்பிச்சுது. ஆள் வெச்சுப் பாத்தா பின்னாடி தேங்கற தண்ணி வெளியேற வெச்ச பைப்பு வாய் வெளிய தெரியுது, வரிசையா, அழகா. ஒரு கம்பிய உள்ள விட்டா ஒரு ஜாண் தான் போகுது. சும்மா துண்டு பைப்ப சொருகி வெச்சிருக்காரு, சுவருக்கு அந்தப் பக்கம் போகவே இல்ல! உள்ள தண்ணி தேங்கி நின்னு மொத்த மண்ணும் சேறாகி தள்ளுது.

அதனால தடுப்புச் சுவர் கட்டறப்ப அப்பாவ வேற எங்கயும் போகச் சொல்லாதீங்க. நாலஞ்சு அடிக்கு ஒரு பைப்பு, முழு தடிமனுக்கும் போகணும், வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வா இருக்கணும். பின்னாடி மண்ண அப்படியே தள்ளி மூடக் கூடாது, சுவர ஒட்டி ஒரு அடிக்கு ஒடகல்லும் ஜல்லியும் போட்டுட்டு அப்புறம்தான் மண்ணு. 2009 நவம்பர்ல மண்சரிவுல நம்ம மாவட்டம் பட்ட பாடு ஞாபகம் இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கொண்டைஊசி_14
அண்ணா அது கான்ட்ராக்டர் தப்பு, ஃபுல் கான்ட்ராக்ட் முறை தப்பு இல்லையே.

தூக்குக்குண்டு
ஆமாங்க, ஆனா ஃபுல் கான்ட்ராக்ட்னு குடுத்ததால நான் போய் பாக்கல. அது என் தப்பு.

வயர்மேன்_கோத்தகிரி
எலக்ட்ரிகல் தனியா விடலாம், தாராளமா. ஆனா ஸ்லாப் போடறதுக்கு முன்னாடியே ஆளப் பேசி வெச்சிருங்க, இங்கதான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. கம்பி கட்டி முடிச்சு கான்கிரீட்டுக்கு முன்னாடி ஒரு நாள் எங்களுக்கு வேணும், பைப்பும் ஃபேன் பாக்ஸும் போட. கான்கிரீட் அன்னிக்கும் எங்க ஆளு ஒருத்தர் மேல நிக்கணும். கலவை கொட்டறவங்க பூட்ஸோட பைப்ப மிதிச்சா ஜாயிண்ட் விட்டுரும், வாய் மூடாம விட்ட பைப்புக்குள்ள சிமெண்ட் பால் எறங்கி கட்டியாயிரும், அப்புறம் வயர் எப்படி இழுக்கறது, சீலிங்க வெட்ட வேண்டியதுதான். மேஸ்திரி செவ்வாக்கிழமை சாயந்தரம் ஃபோன் பண்ணி நாளைக்கு காலைல ஸ்லாப்னு சொன்னா நான் எங்கிருந்து வருவேன், குந்தாவுல வேற வேலைல இருப்பேன். மேஸ்திரிகிட்ட முன்கூட்டியே மூணு நாள் சொல்லணும்னு எழுதி வாங்குங்க.

சுவர் வெட்டி பைப் பதிச்ச பின்னாடி மூடறது யாருன்னும் கேட்டுக்கங்க. வெட்டறது நாங்க, பூசறது மேஸ்திரி, அதுதான் இங்க வழக்கம், ஆனா சில மேஸ்திரி அதுக்கு எக்ஸ்ட்ரா கேப்பாரு.

ஈரமான ஊரு, ஹீட்டர் இல்லாத பாத்ரூம் கிடையாது, அதனால 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன நிறுத்தற சுவிட்ச்) கட்டாயம் போடச் சொல்லுங்க, எர்த்துக்கு தனிக் குழி எடுக்கச் சொல்லுங்க. சுடுதண்ணி லைனுக்கு சிபிவிசி தான், சாதா பிவிசி போட்டா சூட்டுக்கு தளந்துரும். அது பிளம்பர் வேலை, ஆனாலும் சொல்லி வெக்கிறேன்.

சரிவுல_வீடு
ரொம்ப நன்றிண்ணா. சென்ட்ரிங் பத்தி ஒரு டவுட். மேஸ்திரி ஷீட்டும் முட்டும் வாடகைக்கு எடுக்கறாரு, வாடகை யாரு குடுக்கறதுன்னு நான் கேக்கல. எத்தன நாள் வெச்சிருக்கணும்? அவரு 8 நாள்ல கழட்டிரலாம்ங்கறாரு.

ரசமட்டம்
நிறுத்துங்க நிறுத்துங்க. இத நல்லா கேட்டீங்க.

ஐஎஸ் 456ல, அதாவது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதில, ஸ்லாப்புக்கு முட்டு எத்தன நாள்னு இருக்கு, 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள அகலத்துக்கு 7 நாள், அதுக்கு மேல 14 நாள். அதைத்தான் எல்லா மேஸ்திரியும் வாய்ப்பாடு மாதிரி சொல்வாங்க. ஆனா அதே எடத்துல ஒரு கண்டிஷனும் இருக்கு, சாதா சிமெண்ட்டு, வெளி சூடு 15 டிகிரிக்கு கீழ போகக் கூடாதுன்னு. ஈரோட்டுல அது சரி. கோத்தகிரில டிசம்பர் ராத்திரி எத்தன டிகிரின்னு உங்களுக்கே தெரியும். குளிர்ல கான்கிரீட் மெதுவாதான் இறுகும். அது போக இப்ப கடைல கிடைக்கறதுல பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்டு, அது இன்னும் மெதுவு. நான் இங்க சின்ன ஸ்லாப்னாலும் 14 நாளுக்கு கீழ கை வெக்க விடமாட்டேன், பனிக் காலம்னா 21 நாள். தண்ணியும் பத்து நாளுக்கு குறையாம விடணும், மூடுபனி இருக்கு, ஈரம் தானா கிடைக்கும்னு விட்றாதீங்க, மதியம் அடிக்கற வெயில் இங்க கடுமை.

இப்ப வாடகை. ஷீட்டு வாடகை நாள் கணக்கு. மேஸ்திரி பாக்கெட்டுல இருந்து போகுதுன்னா 8வது நாளே அவருக்கு கை அரிக்கும், அவரக் குத்தம் சொல்ல முடியாது, ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். அதனால 8 நாளைக்கு மேல ஆகற வாடகைய நான் தர்றேன்னு நீங்களே சொல்லிருங்க. சில ஆயிரம் தான். சென்ட்ரிங்க பிரிச்சு தனி ஆளுக்கு விடாதீங்கன்னு சொன்னதுக்கும் இதுதான் காரணம், அவனுக்கு அடுத்த சைட்டு காத்துட்டு இருக்கும்.

கணக்குப்புள்ள
காசு விஷயம் கொஞ்சம். தனி வீட்டுக்கு வெறும் கூலி கான்ட்ராக்ட்னா ஜிஎஸ்டி கிடையாது. மெட்டீரியலோட சேத்து ஃபுல் கான்ட்ராக்ட்னா, கான்ட்ராக்டர் ரிஜிஸ்டர் பண்ணினவரா இருந்தா 18%. அந்த 2,950 ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னு கேட்டீங்களா? 1,150க்கு பெருக்கிப் பாருங்க, 33.92 லட்சம், அதுல 18%னா ஆறு லட்சத்துக்கு மேல. உங்க மச்சான் சொன்ன மிச்சம் அங்கயே இருக்கலாம். சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 28ல இருந்து 18 ஆச்சு, கொட்டேஷன் அதுக்கு முந்தினதுன்னா திரும்ப போடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ். ஃபுல் கான்ட்ராக்ட்னா அவர் பேர்ல எடுக்கச் சொல்லி காப்பி வாங்கிக்கலாம். எட்டு பேருகிட்ட பிரிச்சு விட்டா எவரும் எடுக்க மாட்டாங்க, நீங்கதான் எடுக்கணும். சரிவுல வேலை, கான்கிரீட் தட்டு தலைல வெச்சுட்டு வழுக்கற படில எறங்கறாங்க. இதுல கஞ்சம் பண்ணாதீங்க.

பனிமூட்டம்
மெட்டீரியல் நாம வாங்கறோம்னா அப்பாவுக்குதான் நெஜ வேலை. எம்சாண்டு, ஜல்லி எல்லாம் மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறித்தான் வரணும். யூனிட்டுன்னா 100 கன அடி, லாரி வந்ததும் டேப் போட்டு அளங்க, வரும்போது இருந்த உயரம் குஞ்சப்பனை தாண்டி குலுங்கி குலுங்கி எறங்கிருச்சுன்னு டிரைவர் சொல்வாரு, கொஞ்சம் உண்மை, கொஞ்சம் கதை. கம்பி எடை போடாம வாங்கினா எண்ணிக்கைய வெச்சு சரிபாருங்க: 12 மீட்டர் கம்பி ஒண்ணு 8 எம்எம்னா 4.74 கிலோ, 12 எம்எம்னா 10.66 கிலோ இருக்கணும்.

உங்களுக்கு பெரிய செலவு அந்த 40 அடி. லாரி ரோட்டுலயே கொட்டிட்டு போயிரும், அங்கிருந்து கீழ எறக்கற சுமைகூலி யாருது? கூலி 620ல அது சேருமா? நான் கேக்காம விட்டு, ஒவ்வொரு லோடுக்கும் தனியா அழுதேன். ரோட்டோரம் கொட்டின மணல ரெண்டு நாள்ல எறக்கலன்னா மழைல பாதி ஓடைக்கு போயிரும், மீதிக்கு பஞ்சாயத்துக்காரங்க வருவாங்க.

சிமெண்ட்ட மொத்தமா எறக்கி அடுக்காதீங்க. நான் ரேட்டு கொறையுதேன்னு 150 மூட்ட எறக்கினேன், தார்ப்பாய் போட்டுத்தான் வெச்சேன், ஜூலை மூடுபனி, அடில இருந்த வரிசையத் தூக்கினா கல்லு மாதிரி, மூட்டை வடிவத்துலயே. அதுல ரெண்ட இன்னும் வாசப்படி கிட்ட உக்கார வெச்சிருக்கோம், நல்லா இருக்கு உக்கார.

குன்னூர்க்காரி
@பனிமூட்டம் 😂 எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, துணி துவைக்க.

டீ செலவ யாரும் சொல்லல பாருங்க. ஃபுல் கான்ட்ராக்ட்னா அவரு பாத்துப்பாரு. தனியா விட்டா காலைல டீ வர்க்கி, சாயந்தரம் டீ வர்க்கி, ஸ்லாப் அன்னிக்கு பிரியாணி, எல்லாம் நம்ம தலைல. சின்ன விஷயம்தான், ஆனா வெச்சுக் குடுக்கற வீட்ல வேலை கொஞ்சம் நல்லா நடக்கும்ங்க, நான் பாத்தது.

பட்டிதேய்ப்பவன்
பெயிண்டர் பேசறேன். என்னைய தனியா விடலாம்னு எல்லாரும் சொல்றீங்க, சந்தோஷம். ஆனா எப்ப கூப்பிடறீங்க? கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு. பூச்சு வேலை செப்டம்பர்ல முடிச்சுட்டு தீபாவளிக்கு குடிபோகணும்னு பட்டி பாக்க சொன்னா, நான் பாத்துருவேன், காசும் வாங்கிருவேன், தை மாசம் சுவர் காஞ்சதும் அப்பளம் மாதிரி உரிஞ்சு விழும். அப்ப என் பேருதான் கெடும். பூச்சு நல்லா காயணும், இங்க ஒரு மாசம்ங்கறது பத்தாது. கேரளாவ ஒட்டின கூடலூர் பக்கம்னா கணக்கே வேற, அங்க ஜூன்ல இருந்தே ஊத்தும். தை மாசி பங்குனி, அதுதான் எங்க சீசன். அதுக்கு ஏத்த மாதிரி பின்னாடில இருந்து எண்ணிட்டு வாங்க, ஸ்லாப் எந்த மாசம், தடுப்புச் சுவர் எந்த மாசம்னு தானா தெரியும்.

கதவு பத்தியும். ஆசாரி கீழ இருந்து செஞ்சு கொண்டு வந்து மாட்டினா மழைக்கு உப்பி மூடாது. மரத்த மேல கொண்டு வந்து ஒரு மாசம் வீட்டுக்குள்ள போட்டு வெச்சுட்டு அப்புறம் இழைக்கச் சொல்லுங்க.

சரிவுல_வீடு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவும் நானும் ஞாயித்துக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் படிச்சோம் (அவரு ரெண்டு தடவ). மேஸ்திரிகிட்டயும் பேசிட்டோம். இப்ப இருக்கற முடிவு இது, தப்புன்னா திட்டுங்க.

ஜனவரில மண்ணு வெட்டு, தடுப்புச் சுவர். அது கருங்கல் வேலை மட்டும் பாக்கற வேற ஒரு ஆளுகிட்ட, மட்டம் குறிச்சுக் குடுக்கறது எங்க இன்ஜினியர், அவருக்கு சைட்டுக்கு வர்ற ஒவ்வொரு தடவைக்கும் தனி ஃபீஸ். அஸ்திவாரத்துல இருந்து பூச்சு வரைக்கும் ஒரே மேஸ்திரி, கம்பி சென்ட்ரிங் எல்லாம் அவரே. பாத்ரூம் ரெண்டும் அவரோட பொறுப்பு, பிளம்பரும் டைல்ஸ்காரரும் அவரு கூட்டிட்டு வர்றவங்க, கூட 35,000 கேட்டாரு, 28,000க்கு முடிச்சோம். டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி பைப்புல பிரஷர் பம்ப் மாட்டி ராத்திரி முழுக்க மீட்டர் முள்ளு எறங்காம நிக்கணும்னு எழுதிட்டோம். எலக்ட்ரிகல் தனி, ஸ்லாப்புக்கு மூணு நாள் முன்னாடி சொல்லணும். சிமெண்ட்டும் கம்பியும் நாங்க வாங்கறோம், சிமெண்ட் ஒரு தடவைக்கு 40 மூட்டைக்கு மேல இல்ல, ஸ்லாப் தவிர. பெயிண்ட், ஷீட், கிரில், கிச்சன் எல்லாம் அப்புறம். மொத்தக் கூலில 10% அடுத்த கார்த்திகை மழை போனதுக்கு அப்புறம்தான்னு சொன்னோம், மேஸ்திரி மூஞ்சி சுருங்கிருச்சு, 5க்கு ஒத்துக்கிட்டாரு. இன்சூரன்ஸ் நாங்க எடுக்கறோம். அந்த ஃபுல் கான்ட்ராக்ட் ரேட்டுல ஜிஎஸ்டி சேரலையாம், கணக்குப்புள்ள சொன்னது சரி.

ரசமட்டம்
நல்லாருக்கு தம்பி. 5% கெடச்சதே பெருசு. கருங்கல் ஆளு முதல் பைப்பு வெக்கறப்ப அப்பாவ ஒரு கம்பி எடுத்துட்டு போகச் சொல்லுங்க.

பனிமூட்டம்
எல்லாம் எழுதிட்டீங்க. ரோட்டுல இருந்து கீழ எறக்கற சுமைகூலி?

சரிவுல_வீடு
ஐயோ.

சரிவுல_வீடு
மேஸ்திரிக்கு ஃபோன் போட்டேன். "அது உங்களதுதானுங்களே"ங்கறாரு.